பின்னறைக்காரி கழற்றாத வயர்

எனக்கு வயது எண்பத்து நாலு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டு யாருடையது என்று யாரும் கேட்க வேண்டாம். சோறு போட்டு வளர்த்தவளுக்குத்தான் பிள்ளை. ஏழும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கின்றன. ஒன்றுகூட இன்னொருவர் வாசலில் கைநீட்டிப் போய் நின்றதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு, சொல்லிவிட்டேன்.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எனக்கு வாசிக்க வரும், கொஞ்சம். எழுத வராது. "நல்ல தமிழ்ல எழுதுறேன் பாட்டி" என்றாள். எழுது, ஆனால் பேசினவர்கள் பேசினது பேசினபடியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்காத எனக்கு வாசிக்க எப்படி வந்தது என்று பேரப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் பின்னறைக்காரியைச் சொல்ல வேண்டும்.

பெயரைச் சொல்ல மாட்டேன். அவளைப் பற்றி அவள் முன்னால் நல்லதாக நாலு வார்த்தை பேசினாலே தட்டை வைத்துவிட்டு எழுந்து போகிறவள். பெயரைப் போட்டால் எந்த ஊரில் இருந்தாலும் பஸ் ஏறி வந்து என்னோடு சண்டை பிடிப்பாள். என் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். அதனால் எங்களுக்கு அவள் பின்னறைக்காரி.

எண்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். கோலா சிலாங்கூரில் பசாருக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு பலகை வீடு இருந்தது. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நான் வடை போடுவேன். அவளுக்கு ரவாங்கில் ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை. விடியற்காலையில் பேக்டரி பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஒருநாள் நீலக் கோட்டோடு நின்று வடையைத் தின்றவள், என்னைப் பார்க்காமல் என் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அடுப்பு ஆடுது."

"ஆமா, கால் ஒடஞ்சிருச்சு. புதுசு வாங்கணும்."

"எதுக்கு? கால்தான ஒடஞ்சிருக்கு, அடுப்பு நல்லாத்தான இருக்கு? இருக்குறது இருக்கட்டும்."

மறுநாள் எங்கிருந்தோ ஒரு நாற்காலியின் இரும்புக் காலைக் கொண்டுவந்தாள். பஸ் வரும் முன்பே முடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். மூன்று கால் ஒரு நிறம், நாலாவது வேறு நிறம். அந்த அடுப்பில்தான் மூத்தவள் கல்யாணத்துக்கு வேண்டியதைச் சம்பாதித்தேன். அடுத்த மாதமே அவள் எங்கள் பின்னறைக்குக் குடிவந்துவிட்டாள்.

அவளுடைய குணம் முழுதும் அந்த ஒரு சொல்லில்தான். இருக்குறது இருக்கட்டும். எதையும் கழற்றிப் போட விடமாட்டாள். புதிதாக ஒன்று வந்தால் பழையதன் பக்கத்தில் அதையும் மாட்டுவாள். காலில் ஒரு செருப்புக்குப் பச்சை வார், ஒன்றுக்குக் கறுப்பு. குளியலறையில் புதுக் குழாய் போட ஆள் கூப்பிட்டேன். அவன் பழைய குழாயைப் பிடுங்கப் போனபோது இவள் குறுக்கே நின்றாள். "புதுசு பாட்டுக்குப் புதுசு வரட்டும் லா, பழசு உன்ன என்ன பண்ணுச்சு?" என்றாள். அதனால் என் வீட்டுக் குளியலறையில் இரண்டு குழாய்கள். பின்னறைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. ரேடியோவின் வயிறு, ஃபேனின் தலை, வயர்க் கட்டுகள். உருக்கின ஈயத்தின் வாடை எப்போதும் அடிக்கும். விரல் நுனியெல்லாம் சூடு பட்ட தழும்பு. சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. அவளுக்கு அப்பா அம்மா இல்லை; தோட்டத்தில் இருந்த பெரியப்பா ஏற்பாடு செய்தார். என் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்தார்கள். பையனும் பரவாயில்லை. "கல்யாணத்துக்கு அப்புறம் பேக்டரி வேலைய விட்டுரணும்" என்றாள் பையனின் தாய். இவள் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள்.

"அத்த, ஒண்ணு புதுசா வந்தா ஒண்ண விட்டுரணும்னு ஏதும் சட்டம் இருக்கா?"

அவ்வளவுதான். பலகாரத்தை நாங்களே மூன்று நாள் தின்றோம்.

அவளிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பேக்டரியில் வேலை செய்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றிருக்கிறான். மற்றப் பெண்கள் ஃபேனும் ரைஸ் குக்கரும் வாங்கினார்கள். இவள் இதை வாங்கி வந்தாள். தட்டச்சு மெஷினைத் தட்டையாக்கியது போல இருக்கும். தனக்கென்று கண் கிடையாது, டிவியோடு மாட்ட வேண்டும். தனக்கென்று ஞாபகமும் கிடையாது. கரண்டு போனால் படித்ததெல்லாம் மறந்துவிடும். பாட்டுக் கேட்கிற கேசட் பெட்டியை ஒரு வயரில் மாட்டி, கேசட்டை ஓடவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கேசட்டில் பாட்டு இருக்காது. கீய்ய் என்று ஒரு கூச்சல்தான்.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் போய், பெரட்டுக் களத்தில் நின்று, பேர்ப் புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவார். அவர் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்பார்கள். பின்னறையில் கேசட் கத்தத் தொடங்கினால் இவர் கூடத்திலிருந்து கத்துவார்.

"ஏய் பொண்ணு! அந்தப் பூச்சிய அடிச்சுப் போடு!"

"பூச்சி இல்லண்ணே, பாடம் படிக்குது!"

"படிச்சு என்னத்தக் கிழிக்கப் போவுது? போ, போ!"

அவளுக்கு அந்தக் கூச்சல் மொழி போலப் புரியும். டிவியில் எதுவும் வருவதற்கு முன்பே காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ம், ஏறுது" என்பாள். "ச்சே, கெட்டுப்போச்சு" என்றால் கெட்டுத்தான் போயிருக்கும். பாதியில் கெட்டால் பாதியிலிருந்து தொடர முடியாது, முதலிலிருந்துதான். கேசட்டுக்கு அதுதான் சட்டம் என்பாள்.

அவள் வந்த மறுவருஷம் என் வீட்டுக்காரர் பெரட்டுக் களத்திலேயே விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது பக்கம் முழுதும் போயிருந்தது. நாக்கும் போயிருந்தது. காது நன்றாகக் கேட்டது. கண்ணைப் பார்த்தால் புத்தி தெளிவாக இருந்தது. வாய்தான் இல்லை. தலை தானாக ஆடிக்கொண்டே இருக்கும். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் ஒரே ஆட்டம். எதற்கெடுத்தாலும் கண்ணில் நீர் வடியும். அது அழுகையா என்றும் தெரியாது. இடது கையிலும் தெம்பு இல்லை, விரலை மட்டும் கொஞ்சம் அழுத்த முடியும்.

நடு மகள் ஒரு அட்டையில் தண்ணீர், சோறு, வலி என்று எழுதிப் பக்கத்தில் வைத்தாள். கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் அல்லவா? தூக்கினால் நடுங்கும். தண்ணீருக்குப் போகிற விரல் சோற்றில் விழும், வலியில் வழுக்கும். அவர் கோபத்தில் அட்டையைக் கீழே தள்ளினார். பின்னறைக்காரி வாசலில் நின்று பார்த்தாள். அட்டையை எடுத்துத் துடைத்து, திரும்ப அவர் பக்கத்திலேயே வைத்தாள்.

"அண்ணனால வார்த்தையத் தேடிப் போக முடியலக்கா. வார்த்தை அவரத் தேடி வரட்டும்."

அன்றிலிருந்து பேக்டரி விட்டு வந்ததும் சாப்பிடக்கூட மறந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் பெட்டிக்குத் தமிழே தெரியாது. கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வைத்து எழுத்துகளை வரைந்து அதற்குப் படித்துக் கொடுத்தாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணன் வாயில அதிகமா வர்ற வார்த்தை என்னக்கா?"

"தண்ணி. சாப்பாடு. சுருட்டு. போ."

"போவா?"

"யாரு எதக் கேட்டாலும் மொதல்ல 'போ'ன்னுதான் சொல்லுவாரு. அப்புறந்தான் கேட்டதக் குடுப்பாரு."

"இவ்ளோதானா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதத்தான் பேசுறாரு. அஞ்சு புள்ளையும் இதுக்குள்ளேயே பொறந்துருச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் தேநீர் வயர்மேல் கொட்டியது.

ஆம், இல்லை, வலி, விசிறி, வெளியே என்று அவளும் சிலதைச் சேர்த்தாள். டிவியில் பெரிய எழுத்தில் ஒரு வார்த்தை வரும். கொஞ்ச நேரம் நிற்கும். அது போய் அடுத்தது வரும். வேண்டிய வார்த்தை வரும்போது அவர் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்த வார்த்தை கீழே நின்றுகொள்ளும். விரல் நழுவாமல் இருக்க, பட்டன்மேல் வடைத்தட்டு அளவுக்கு ஒரு பலகையை ஒட்டினாள்.

எல்லாவற்றையும் கூடத்தில் அவர் பக்கத்துக்குக் கொண்டுவந்து, முதல் நாள் அவர் கையை எடுத்து அந்தப் பலகைமேல் வைத்தோம். தண்ணீர் வந்தது, போனது. சாப்பாடு வந்தது, போனது. அடுத்தது வந்ததும் அழுத்தினார்.

"என்ன சொல்றாரு?" என்றேன். எனக்கு வாசிக்கத் தெரியாதே.

"சுருட்டு."

"டாக்டர் என்ன சொன்னாரு? இத்தன மாசம் கழிச்சுப் பேசுற மொத வார்த்த இதுவா?" என்று கத்தினேன். கத்திவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். அவர் திரும்ப என் வீட்டுக்காரராக வந்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

பின்னறைக்காரி பேக்டரிக்குப் போய்விட்டால் எனக்கு யார் வாசித்துச் சொல்வது? அதனால் அந்த வார்த்தைகளின் உருவத்தை ஒவ்வொன்றாகப் பழகினேன். 'போ' சின்னது, சட்டென்று தெரியும். 'சாப்பாடு' நீளம். 'வலி' வந்தால் மட்டும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். நான் படித்த பள்ளிக்கூடம் அந்த டிவிதான். எனக்குப் பாடம் நடத்தியவர் பேச முடியாத மனிதர்.

ஆனால் கரண்டு இருக்கிறதே. ஆற்றங்கரை ஊர், மழைக்காலம் வந்தால் தினம் ஒருமுறை போகும். அது போனால் அவர் வாயும் போய்விடும். திரும்ப வந்ததும் கேசட்டை ஓட்ட வேண்டும். சோற்றுக்கு உலை வைத்தால் கொதித்துவிடும், இது ஏறி முடியாது. கேசட்டும் ஈரத்தில் கெட்டது. தோல் செருப்பிலேயே வெள்ளை பூக்கிற ஊரில் கேசட் நாடா மட்டும் தப்புமா? வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து பிஸ்கட் டின்னில் போட்டு, அதற்குள் கேசட்டுகளை வைத்திருந்தாள்.

ஒருநாள் பிற்பகல் இடி இடித்துக் கரண்டு போய்த் திரும்பியது. அவள் லீவில் வீட்டில்தான் இருந்தாள். கேசட்டை ஓட்டினாள், கெட்டது. முதலிலிருந்து ஓட்டினாள், மறுபடியும் கெட்டது. அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது, முகம் கோணுகிறது. தண்ணீர் கொடுத்தேன், துப்பினார். விசிறினேன், தலையை ஆட்டினார். கடைசியில் ஏறி, வார்த்தை வந்ததும் ஓங்கி அழுத்தினார். வலி. போர்வையைத் தூக்கிப் பார்த்தால் நல்ல கால் கட்டில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி, கருநீலமாக வீங்கியிருந்தது. அத்தனை நேரமும் சொல்ல வாயில்லாமல் கிடந்திருக்கிறார்.

 அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னறைக்காரி கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினாள். வரும்போது ஒரு செங்கல் அளவு பெட்டியும் கறுப்பு உறை போட்ட ஒரு மெல்லிய தகடும் கொண்டுவந்தாள். டிஸ்க் என்றாள். இதில் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடுமாம். புதிதாக வந்த சாமான். ஆனால் அது வேறொரு ஜாதி கம்ப்யூட்டருக்குச் செய்தது.

"கடைக்காரன் என்ன சொன்னான்?"

"பொருந்தாதுன்னான் லா."

"அப்புறம் ஏன் வாங்கினே?"

"பொருந்தாதுன்னு அவன்தான சொல்றான்? இதுங்க ரெண்டும் சொல்லட்டும்."

டிஸ்க் பெட்டியின் வயர் பாய் போல அகலம், அதில் வரிசையாகக் கம்பிகள். கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த ஓட்டையோ சின்னது. எந்தக் கம்பி எதோடு சேர வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, நடுவில் ஒரு குட்டிப் பலகையை வைத்து, அதில் கறுப்புப் பூச்சி போன்ற சாமான்களை ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒருமுறை புகை வந்து, என் திரைச்சீலையில் ஓட்டை விழுந்தது.

"இது என்ன பலகை?" என்றேன்.

"கல்யாணத் தரகர்க்கா. இவரு பேசுறது அவருக்குப் புரியாது, அவரு பேசுறது இவருக்குப் புரியாது. நடுவுல இவரு."

"உனக்கு ஒரு தரகரப் பாக்கலாமா?"

"அவருக்குக் கம்பியெல்லாம் எண்ணத் தெரியுமான்னு கேட்டுட்டு வாங்க."

ஒருநாள் அது வேலை செய்தது. நான் விசிறியைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் டிவியில் 'தண்ணீர்' வந்து நிற்கிறது! டிஸ்க்கில் இடமும் அதிகமாம். வெறும் வார்த்தைகள் போதாது என்று எல்லா எழுத்துகளையும் வரைந்து அதில் ஏற்றினாள். இனி எழுத்து எழுத்தாக அவரே கூட்டிப் பேசலாம். முதல் நாள் அவர் என்ன பேசினார் தெரியுமா? பெரட்டில் கூப்பிடுகிற பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். செத்துப் போனவர்களையும் விடவில்லை.

அதற்குப் பிறகு கேசட் பெட்டிக்கு வேலை இல்லை. ஆனால் அதன் வயர் மட்டும் மேசையிலிருந்து தொங்கிக்கொண்டு, கூட்டும்போதெல்லாம் காலில் தட்டியது.

"கழட்டித் தொலையேன்டி!"

"இருக்குறது இருக்கட்டும்க்கா."

என் வீட்டுக்காரருக்குக் கெர்லிங்கில் ஒரு தங்கை. அண்ணன்மேல் உயிர். ஆயுத பூஜைக்கு வருவாள். அந்த வருஷமும் வந்தாள், ஆனால் ஒரு முடிவோடு வந்தாள். கெர்லிங் பக்கத்தில் எண்ணெய் போட்டு நீவிவிடுகிற வைத்தியர் ஒருவர் இருக்கிறாராம். அண்ணனைத் தன் வீட்டோடு கொண்டுபோய் வைத்துக்கொள்ளப் போகிறாளாம். மறுநாள் காலைக்கு வேன் சொல்லியாகிவிட்டது.

"நீ வட சுடப் போயிர்ற. அண்ணன ஒரு பெட்டியும் ஒரு வாடகைக்காரியுமா பாத்துக்குறாங்க? எங்கூட வரட்டும் அண்ணி."

"அவரு வர்றேன்னு சொன்னா கூட்டிட்டுப் போ."

நான் நிமிர்ந்துதான் சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஒருவேளை அவருக்கும் போக வேண்டும் என்று இருந்தால்? நான் நாள் முழுதும் அடுப்படியும் பஸ் ஸ்டாண்டுமாக இருக்கிறவள்தானே?

அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் மத்தியானமே எல்லாவற்றையும் பூஜையில் வைத்துவிட்டோம். என் கரண்டி, வடைச்சட்டி, அவருடைய மோட்டார் சைக்கிள் சாவி, பின்னறைக்காரியின் ஸ்குரூ டிரைவர்கள், கம்ப்யூட்டர், டிஸ்க் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால்; படத்தையே கம்ப்யூட்டர் மேசையில்தான் வைத்தோம். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது. "காலைல எடுத்துக் கேப்போம். வர்றேன்னா வரட்டும், இல்லேன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று நாத்தனாரே சொன்னாள்.

குளித்துவிட்டு வந்து சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டாள். சட்டிக்கு, சாவிக்கு, டிவிக்கு, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள்.

"இதுல எங்கண்ணன் பேச்சு எதுல இருக்கு அண்ணி?"

கறுப்புத் தகட்டைக் காட்டினேன். அந்த உறையில் ஓரிடத்தில் நீளமாகத் திறந்திருக்கும், உள்ளே பளபளப்பாகத் தெரியும். "ஓ, இதுதான் வாயா" என்றாள். சந்தனத்தைக் குழைத்து அந்தத் திறப்பில் கனமாக ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமத்தையும் அழுத்தினாள். "எங்கண்ணன் வாய் தொறக்கணும் தாயே" என்று கண்ணீரோடு கும்பிட்டாள். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். பின்னறைக்காரி அன்றைக்கு ஓவர்டைம். வீட்டில் இல்லை.

காலையில் வேன் வந்து நின்றது. டிரைவரும் தூக்குவதற்கு இன்னொரு ஆளும். எனக்கு டிஸ்க் போடத் தெரியும், நானே போட்டேன். கர்ர் என்று ஒரு சத்தம். டிவியில் ஒன்றும் இல்லை. குளித்துக்கொண்டிருந்த பின்னறைக்காரி ஈரத் தலையோடு ஓடி வந்தாள். டிஸ்க்கை வெளியே இழுத்தாள். வாயெல்லாம் சிவப்பு.

"யாரு வச்சா?"

"நாந்தான்" என்றாள் நாத்தனார். "சாமிக்கு முன்னால... நல்லதுக்குத்தான..."

பின்னறைக்காரி வாய்க்காரி. ஏதாவது சொல்லப் போகிறாள் என்று பயந்தேன். நாத்தனார் முகத்தைப் பார்த்தாள். டிஸ்க்கைப் பார்த்தாள்.

"நல்ல பொட்டுதாம்மா. எடந்தான் தப்பு."

டிஸ்க் போயிற்று, குங்குமம் உள்ளே போய் டிஸ்க் பெட்டியும் படுத்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தான். நாத்தனார் அண்ணன் பக்கத்தில் குனிந்தாள்.

"அண்ணே, வர்றியா? வீட்டுக்குப் போலாமா? பாரு அண்ணி, தலையாட்டுறாரு!"

"ஆத்துல குதிக்கிறியான்னு கேளு. அதுக்கும் ஆட்டுவாரு."

"அழுவுறாரு பாரு!"

"நேத்து நான் வெங்காயம் உரிச்சப்பவும் அழுதாரு."

வாய் அப்படிச் சொன்னாலும் நான் நாற்காலியை ஒட்டியே நின்றேன். அவர் இடது கை என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது. ஆனால் எது கையில் பட்டாலும் அவர் அப்படித்தான் பிடிப்பார். தூக்க வந்த ஆள் நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டான்.

"கொஞ்சம் கீழ வைங்கண்ணே" என்றாள் பின்னறைக்காரி. மேசைக்கடியில் குனிந்து, என் காலில் தட்டிக்கொண்டிருந்த அந்த வயரை எடுத்தாள். கேசட் பெட்டியின் தூசியைச் சட்டைக் கையால் துடைத்தாள். பிஸ்கட் டின் வந்தது. அரிசி முடிச்சு வந்தது. அடியில் கேசட். நாடாவில் வெள்ளை பூத்திருந்தது. பஞ்சு வைத்துத் தொட்டும் தொடாமலும் துடைத்தாள்.

"இதுல எழுத்தெல்லாம் இல்லக்கா. ஓவர்டைம்ல அத இன்னும் கேசட்ல ஏத்தல. அந்தப் பழைய வார்த்தைங்க மட்டுந்தான்."

"போதும். போடு."

கீய்ய் என்று கத்தியது. பாதியில் அவள் முகம் சுருங்கியது. "கெட்டுப்போச்சு." முதலிலிருந்து. மறுபடியும் கெட்டது. ஹாரன் நீளமாக அடித்தது. நாத்தனார் அண்ணன் வேட்டி சட்டைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னறைக்காரி பூஜையில் வைத்திருந்த ஸ்குரூ டிரைவர்களில் மிகச் சின்னதை எடுத்தாள். அதிலும் பொட்டு இருந்தது. கேசட் பெட்டியின் வாயருகே ஒரு திருகாணி. கூச்சலைக் கேட்டுக்கொண்டே அதை மயிரிழை திருப்பினாள். காதைப் பெட்டியோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டாள்.  டிரைவர்கூட ஹாரனை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஏறுது" என்றாள் மெல்ல. "ஏறுது... ஏறுதுக்கா..."

டிவியில் வந்து நின்றது: தண்ணீர்.

அவர் விரலைப் பலகைமேல் வைத்தேன். நாத்தனார் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அண்ணே. எங்கூட வர்றியா, மாட்டியா? நீயே சொல்லு."

ஆம் வந்தது.  அவர் அழுத்தவில்லை. அது போய்விட்டது. இல்லை வந்தது. அதையும் அழுத்தவில்லை. அதுவும் போய்விட்டது. நாத்தனார் என்னைப் பார்த்தாள், நான் பின்னறைக்காரியைப் பார்த்தேன். வலி, விசிறி, வெளியே என்று ஒவ்வொன்றாக வந்து போனது. ஒரு சுற்று முடிந்து மறுபடியும் தண்ணீர். அடுத்தது வந்ததும் அவர் விரல் இறங்கியது.

"சாப்பாடு" என்று வாசித்தேன். வெளியாட்கள் முன்னால் நான் வாசித்த முதல் வார்த்தை.

"பசிக்குதாண்ணே?"

சுருட்டு வந்தது, போனது. அடுத்தது வந்தது. அழுத்தினார். அழுத்தின விரலை எடுக்கவே இல்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போ" என்று வாசித்தேன்.

"நீயா சொல்ற அண்ணி! தள்ளு, எனக்கும் மூணாவது வரைக்கும் தெரியும்." நாத்தனார் டிவிக்குப் பக்கத்தில் போய், விரல் வைத்துக் கூட்டினாள். "சாப்... பாடு. போ." இன்னொரு முறை கூட்டினாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள்.

"கொழுப்பப் பாரு! சாப்புட்டுட்டுக் கெளம்புங்கிறாரு! இது எங்கண்ணனேதான். பெரட்டுல ஆள் வெரட்டுற அதே வாயி!"

என் வீட்டுக்காரரின் நல்ல பக்கத்து உதடு மேலே போயிற்று. அதுதான் அவர் சிரிப்பு.

அடுப்பைப் பற்றவைத்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். டிரைவருக்கு இரண்டாம் முறையும் சாம்பார் ஊற்றினேன். வேன் ஏறும்போது நாத்தனார் பின்னறைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு, அந்த வயர மட்டும் கழட்டிராத."

"நான் எங்கம்மா கழட்டுனேன்? உங்க அண்ணிதான் கூட்டும்போதெல்லாம் திட்டுறாங்க."

பின்னறைக்காரி டிஸ்க் பெட்டியைப் பிரித்துக் குங்குமத்தை எடுத்துச் சரிசெய்தாள். எழுத்துகளைத் திரும்பவும் புள்ளி புள்ளியாக ஏற்றினாள், இம்முறை டிஸ்க்கிலும் கேசட்டிலும். நாத்தனார் மாதம் ஒருமுறை வைத்தியரின் எண்ணெயைக் கொண்டுவந்து இங்கேயே நீவிவிட்டாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் 'போ' என்று அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அவர் மேலும் சில வருஷங்கள் பேசினார். பிறகு போனார். பின்னறைக்காரிக்குப் பினாங்குப் பக்கத்தில் வேலை மாறியது. கம்ப்யூட்டரையும் டிஸ்க்கையும் கட்டி எடுத்துக்கொண்டவள், அந்தக் கேசட்டை மட்டும் என் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு எடத்துல இருக்கட்டும்க்கா."

கல்யாணம் செய்தாளா, எங்கே இருக்கிறாள், எனக்குத் தெரியாது. பலகை வீடும் போய்விட்டது. கேசட் இருக்கிறது. வருஷா வருஷம் அரிசியை வறுத்து மாற்றி வைக்கிறேன். ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு உண்டு, பிஸ்கட் டின்னின் மூடிமேல். பேத்தி தன் போனில் தேடிப் பார்த்து, இப்போதும் அந்த மாதிரிப் பழைய பெட்டிகளைச் சில பேர் வைத்திருக்கிறார்கள் என்கிறாள். கேசட்டுக்குப் பதிலாக நகத்தளவு அட்டை ஒன்றை அதன் முதுகில் மாட்டுகிறார்களாம். "கேசட் வயரக் கழட்டிட்டாங்களா, பாரு" என்றேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இல்ல பாட்டி, அத மாட்டுற ஓட்ட அப்படியேதான் இருக்கு" என்றாள். அப்படியென்றால் சரி.

எழுதினது போதும் கண்ணு. பேனாவை வை, எனக்கு வாசித்துக் காட்டு. நீ வழக்கமாக ஓடுகிற மாதிரி ஓடாதே. ஒவ்வொரு வார்த்தையும் வந்து கொஞ்ச நேரம் நிற்கட்டும். நடுவில் எங்கேயாவது தடுக்கினால் அங்கிருந்து தொடரக் கூடாது, முதலிலிருந்து வர வேண்டும். எனக்கு அவசரம் இல்லை. ம், ஆரம்பி.